சந்துக்கு வந்த பயில்வான் கூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நான் யுத்தத்துக்குப் போனேன். கையில் குடை!

சிரிக்காதீர்கள். எங்கள் சந்தே போனது. எனக்குப் பக்கத்தில் டெய்லர் பாஷா பாய், கையில் கஜக்கோலோடு. எல்லோருக்கும் முன்னால் ரெஜினா அக்கா, வெறுங்கையோடு.

எப்படி வந்தது இந்த நிலைமை?

தண்டையார்பேட்டையில் நாங்கள் இருப்பது ஒரு குடோனின் முதுகுப்பக்கச் சந்து. குழாய் இருப்பது பெரிய தெருவில். தண்ணீர் அந்தத் தெருக்காரர்களுக்குப் போக மிச்சம்தான் எங்களுக்கு... மிச்சம் என்றைக்கு இருந்தது? போன மாதம் அந்தத் தெருத் தடியன் ஒருவன் எங்கள் குடத்தை உதைத்தான். குடத்தோடு சேர்ந்து ஸ்டெல்லாவும் விழுந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை சந்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

ஸ்டெல்லாவின் நாத்தனார்தான் ரெஜினா அக்கா. ராயபுரத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். அவர் குரல் கேட்டால் பூனைகளோடு கடன்காரர்களும் எழுந்துவிடுவார்கள். அன்று மாலையே நேராகப் போய்ப் பின்தெரு மாணிக்கம் பயில்வானைப் பார்த்தார். அந்தத் தெருவில் குஸ்தி பழகும் தாலிம்கூடம் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு ஆள் கர்லாக்கட்டை சுற்றுவான்.

பயில்வான் யோசிக்கவே இல்லை. "எங்களோட சேந்துக்கோ அக்கா. உங்க மேல கை வச்சா எங்க மேல வச்ச மாரி. எங்க மேல எவனாச்சும் வச்சா..."

"எங்க மேல வச்ச மாரி. புர்து நைனா."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சந்துக்குப் புரிய வேண்டாமா? ஆரம்பமானது பிரசாரம்.

கூடையோடு வீடுவீடாக ஏறினார். தயங்குகிற வீட்டில் கொஞ்சம் நெத்திலி கூடுதலாக விழுந்தது. என்னிடம், "பேப்பர்ல இன்னான்னாவோ எழுதிகினு கீறியே, உன் வூட்டு அம்மா குடம் தூக்கினு போறத என்னிக்காச்சும் பாத்துகிறியா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. என் ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது. (மீன் வாங்காமலே விழுந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் சைவம்.)

விழாத ஓட்டு ஒன்றுதான். ஹார்பர் கிளார்க் தேவசகாயம்.

"நமக்கு யார் கூட்டும் வேணாம் ரெஜினா. எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசிட்டு இருந்துடுவோம்."

"சிரிச்சுகினேதான் இருந்தோம். ஸ்டெல்லா வுழுந்தா."

 தேவசகாயத்தின் குரல் இறங்கியது. "என் பையன் சேவியருக்கு இப்பதான் ஹார்பர்ல வேலை கிடைச்சிருக்கு. பயில்வான் எங்கேயோ போய் வம்பு இழுப்பான். இவனும் போய் நிக்கணும். போலீஸ் கேஸ் ஆச்சுன்னா? வேலைய நீ வாங்கித் தருவியா?"

அக்கா என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? கத்துவார் என்றுதான் நானும் நினைத்தேன். கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொல்றது வாஸ்தவம்தான் அண்ணே. எனக்குத் தோணல."

மறுபடி பயில்வானிடம் போனார். "நீங்களா ஆரம்பிச்ச சண்டைக்கு நாங்க வரமாட்டோம். உன்ன அடிச்சா வருவோம். சம்மதமா?"

பயில்வான் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன அடிக்க எவன் கீறான்? சரி, சம்மதம்!"

சந்து முனையில் கை தூக்கச் சொன்னார்கள். தேவசகாயத்தின் கை காது வரைக்கும் வந்தது. அதையும் ஓட்டாக எண்ணிக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலை பயில்வான் குழாயடிக்கு வந்தார். ஒருவரையும் அதட்டவில்லை. நின்று பல் துலக்கினார், அவ்வளவுதான். பெரிய தெருக்காரர்களுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. "நீங்க புடிங்கக்கா... நீங்க புடிங்க..."

எல்லாம் நன்றாகத்தான் போனது. போன ஞாயிறு வரை.

அன்று மைதானத்தில் சடுகுடு. பயில்வான் தெருவுக்கும் ரயில்வே லைன் பசங்களுக்கும் போட்டி. சாப்பிட்டுப் படுத்திருந்தோம். பயில்வான் தெருக்காரன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அடிச்சிட்டானுங்கோ! எல்லாரும் வாங்கோ!"

கிளம்பினோம். வாசலிலேயே சேவியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார் தேவசகாயம். "நீ இரு. நான் போறேன். கை தூக்கினவன் நான்தானே!" என்று செருப்பை மாட்டினார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

மைதானத்தில் ரெண்டு கும்பலும் முறைத்துக்கொண்டு நின்றன. ஒருவன் கையில் சைக்கிள் செயின். ரெஜினா அக்கா நேராக நடுவில் போய் நின்றார்.

"மொதல்ல எவன் கை வச்சான்?"

"அக்கா, அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்..." என்றார் பயில்வான்.

"இல்ல. இப்ப சொல்லு."

ஒருவன் ஒன்று சொன்னான், இன்னொருவன் மறுத்தான். அக்கா விடவில்லை. நீ எங்க நின்ன? அவன் எந்தக் காலை வச்சான்? கோட்டைத் தாண்டினானா, இல்லையா? சாட்சி சொல்லும் ஆசையில் எல்லோரும் முண்டியடித்தார்கள். செயின்காரன்கூட, "அக்கா, நான் சொல்றேன், நான் பாத்தேன்!" என்று செயினைக் கீழே போட்டுவிட்டுக் கையை உயர்த்தினான். கடைசியில் உண்மை வெளியே வந்தது. முதலில் அறைந்தவன் பயில்வானின் மச்சான்.

"அப்ப நாங்க வர்ல" என்றார் அக்கா.

"அதான் வந்துட்டீங்களே!"

"விசாரிக்க வந்தோம். மச்சானைக் கூப்டு. மன்னிப்பு கேட்டுட்டு மிச்ச ஆட்டத்தை ஆடச் சொல்லு."

பயில்வான் முகத்தில் ரத்தம் ஏறியது.  அவர் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டான். ரயில்வே லைன் பசங்களில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

திங்கட்கிழமை குழாயடிக்குப் பயில்வான் வருவாரா என்று சந்தே குடங்களோடு காத்திருந்தது. வந்தார். அக்காவிடம் மட்டும் சொன்னார்: "எதிர்க் கட்சியில நீ இருந்தா நான் இன்னா ஆவறது? எங்க கூடவே இரு தாயி."

எங்கோ இருக்கிற ஒரு சின்ன நாட்டை ராணுவக் கூட்டில் சேரச் சொல்லி அங்கே ஊர் ஊராகப் பிரசாரம் நடக்கிறதாம். நேற்றுப் பேப்பரில் படித்தேன். தாராளமாகச் சேரட்டும்... ஆனால், 'மொதல்ல எவன் கை வச்சான்' என்று கேட்க உள்ளூரில் ஓர் அக்கா இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு சேரட்டும்!