எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்த கோப்பு

பிறர் எழுதியதை எட்டிப் பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. பெண்ணாடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி போனை விரித்துப் பிடித்தால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு பெண்ணின் ரகசியக் கடிதத்தைப் பிடித்து, அதை யார் பார்க்கக் கூடாதோ அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தாலாவது கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பேன்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை, எது படுத்துக்கொண்டாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவேன். செராமிக் பேட்டையில் ஏழெட்டு கம்பெனிகள் என்னைத்தான் கூப்பிடும். அதில் ஒன்று பியூஸ் கட்டை செய்கிற கம்பெனி. அங்கே சூளையின் சூட்டை அளக்கிற கருவியை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளாக அந்த எண் நடுநடுவே நின்றுபோனது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், திரையில் பழைய எண்ணே நிற்கும். ஒரு சுமை சரக்கு முழுக்கப் பாழாய்ப் போன அன்று மேனேஜர் போனில் குதித்தார்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு ஒரு மென்பொருள் உண்டு. நெட்வொர்க்கில் போகிற வருகிற தகவலையெல்லாம் பிடித்து வரி வரியாகக் காட்டும். எந்தக் கருவி எதனிடம் என்ன கேட்டது, எங்கே பதில் வராமல் நின்றது, எல்லாம் தெரியும். தபால்காரர் பையை நடுரோட்டில் கவிழ்த்துப் பார்க்கிற வேலைதான். சூளைக் கருவிக்குப் போகிற தபாலை மட்டும் பிடி என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி தட்டினால், மற்றவர் தபாலை அது தொடாது. அந்த ஒரு வரியை நான் தட்டவில்லை. எல்லாவற்றையும் பிடிக்கட்டும், எதுக்கும் இருக்கட்டும் என்று விட்டேன். ஜவுளிக்கடைப் பை, பழைய சார்ஜர், செத்துப்போன ரிமோட், எதையும் எறியாமல் எதுக்கும் இருக்கட்டும் என்று பரணில் போடுகிற ஊர்க்காரிதானே நானும்.

அந்தக் கம்பெனியில் இன்னொரு விஷயம் இருந்தது. கட்டைமேல் பளபளப்புக்காக க்ளேஸ் பூசுகிற கொட்டகைக்குத் தகரக் கூரை, உள்ளே டவர் கிடைக்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை மேனேஜர் கொடுத்திருந்தார். டீ நேரத்தில் பிள்ளைகளோடு பேசிக்கொள்வார்கள். அந்த மனுஷன் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் போனில் போகிறதும் வருகிறதும் சூளைக் கருவியின் தகவல் போகிற அதே வைஃபை பெட்டி வழியாகத்தான் போனது. அந்தப் பெட்டியிடம்தான், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கொட்டகையில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற அக்கா ஒருவர் உண்டு. நான் எப்போது போனாலும் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பார்.

"வெறும் டீயவே ஊத்திக்கினு இருந்தா கொடலு கருகிப்புடும் பாப்பா. ஒக்காரு, ரெண்டு வாய் துன்னுட்டுப் போ."

அன்று புளிச்சோற்றை அள்ளி வைக்கும்போதே இருமினார். ஒருமுறை ஆரம்பித்தால் நிற்கவில்லை. பவுடர் கலக்கிற இடத்துக்கு மேலே தூசு இழுக்கிற பேன் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"அது ஓடாதாக்கா?"

"ஏன் ஓடாது? ஆபீசருங்க வந்தா ஓடும். நம்ம மூஞ்சிக்கெல்லாம் ஓடுமா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு மெசேஜ் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், முதல் பத்து நிமிடத்திலேயே கோளாறு பிடிபட்டிருந்தது. புதிதாக மாட்டிய கேமராவுக்கும் சூளைக் கருவிக்கும் ஒரே நெட்வொர்க் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கேமராவின் முகவரியை மாற்றினேன், எண் ஓட ஆரம்பித்தது. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எப்புடிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது, அது என் வியாதி. பிடித்த கோப்பைத் திறந்து, "இந்தத் தேடுற கட்டத்துல முகவரியத் தட்டுங்க சார். ஒரு வரிமேல வெச்சி ரைட் கிளிக் பண்ணீங்கன்னா ரெண்டு பக்கமும் பேசிக்கினது முழுசா வந்துரும்" என்று பாடம் எடுத்தேன். மானிட்டருக்குக் கீழே அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கிற அட்மின் பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது. ஒட்டியதும் நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான். கிளம்பும்போது அவர் கேட்டார், "இந்த பைல அழிச்சிரலாமா?"

"இருக்கட்டும் சார். எதுக்கும் இருக்கட்டும்" என்றேன்.

ரெண்டு வாரம் போயிருக்கும். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து அந்த மென்பொருளைத் திறந்தேன். கடைசியாகத் தேடியதை அது நினைவில் வைத்திருக்கும். நான் கடைசியாகத் தட்டியது சூளைக் கருவியின் முகவரி. தேடுகிற கட்டத்தில் நின்றது வேறொன்று. பழைய தேடல்களை விரித்துப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு முகவரிகள். ஆறும் வைஃபையில் வந்த போன்கள். யாரோ ஒவ்வொரு போனாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து, ஆறாவதில் நின்றிருக்கிறார்கள்.

ஆறாவதைத் திறந்தேன். வைஃபையில் சேரும்போது போன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். அந்த போனுக்கு, பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாருடைய அம்மா என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் பிள்ளை உள்ளவர் கொட்டகையில் ஒரே ஆள்தான். எனக்குப் புளிச்சோறு போட்ட அக்கா. மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் பூட்டிய தபால், பிடித்தாலும் உள்ளே என்னவென்று தெரியாது. அக்கா அன்று டீ நேரத்தில் தட்டியது மட்டும் ஒரு தொழிலாளர் உதவி அமைப்பின் பழைய இணையப் பக்கம், பூட்டு அடையாளம் இல்லாதது. எழுத்து எழுத்தாகத் திரையில் நின்றது. 'தூசு இழுக்கும் பேன் ஒரு வருசமாக ஓடவில்லை. எங்களுக்கு மூச்சு வாங்குது. நான் யார் என்று தெரிந்தால் வேலை போய்விடும்.' மூன்று வரி படித்ததும் பதறிப்போய் மூடினேன். மேலே படிப்பது பாவம் என்று தோன்றியது.

"என்னா மேடம், நம்ம பழைய பைலா?"

பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கையில் ரெண்டு டீ. ஒன்றை எனக்கு நீட்டினார்.

"நீங்க சொல்லிக்குடுத்தது நல்லா ஒதவிச்சிதும்மா" என்றார். கோபமே இல்லை.

"சார், அது அவங்க சொந்த விஷயம். நம்ம பாக்கக் கூடாது."

"வைஃபை எங்களுது. கம்ப்யூட்டரு எங்களுது. புடிச்சது நீங்க. நான் இதுல என்னா தப்பு பண்ணேன்?"

கோப்பை அழித்தேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "அழிங்க, அழிங்க. எடத்த அடச்சிக்கினு இருக்குது. பென் டிரைவுல ஒண்ணு வெச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

கொட்டகைக்குப் போனேன். அக்கா குனிந்து க்ளேஸ் கலக்கிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி சூப்பர்வைசர் கைகட்டி நின்றான். மற்ற நாட்களில் அவன் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. "போயிட்டு வரேன்க்கா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. ராத்திரி போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? வேலியில் போன ஓணானை எடுத்து உன் மடியில் விட்டுவிட்டேன் அக்கா என்றா?

மூன்று நாள் அப்படியே போனது. அந்த மூன்று நாளும் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் ஓடினேன். விட்டுவிட்டு வந்திருந்த கோப்புகளைத் தேடித் தேடி அழித்தேன். பொதுக் கம்ப்யூட்டர்களிலிருந்து அந்த மென்பொருளையே எடுத்தேன், ஒட்டியிருந்த பாஸ்வேர்டுகளைக் கிழித்து மாற்றினேன். இனிமேல் என் லேப்டாப்பில்தான் பிடிப்பது. தேவையான கருவியை மட்டும், அதுவும் உள்ளே இருக்கிற கடிதத்தைத் தொடாமல், உறைமேல் எழுதிய முகவரியோடு நிறுத்திக்கொள்வது. அட்மின் கணக்கில் உட்கார்ந்து பிடித்ததைப் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் கெட்ட எண்ணத்தோடு செய்து அனுப்பிய தகவல் ஒன்று அந்த மென்பொருளையே ஏமாற்றிவிட்டால் கம்ப்யூட்டர் முழுக்க அதை அனுப்பியவன் கைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் ஓனர் கண்ணெதிரே அழித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவது. எல்லாம் நன்றாகத் தெரிந்துதான் இருந்தது எனக்கு. படித்தவள்தானே, தூ! ஒரே ஒரு போன் செய்ய மட்டும் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து நின்றார். வேலை நேரத்தில் அவரை வெளியே பார்த்ததே இல்லை. போனை என் கையில் வைத்தார்.

"இதுக்குள்ள எதனா பூந்துகிச்சான்னு பாரு பாப்பா. நேத்து மேனேஜரு கூப்ட்டு வேலைக்கி வராதன்னுட்டாரு. நான் ஒரு எடத்துக்கு எழுதிப் போட்டத எழுத்து மாறாம படிச்சிக் காட்டுறாரு! எம் புள்ளகிட்டகூட நான் மூச்சு வுடல. இந்த போனுதான் காட்டிக் குடுத்துருக்குது. ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் நடித்தேன். அவர் நம்பிக்கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல ஒண்ணும் இல்லக்கா. நாந்தான்."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"முழுசாவா படிச்சிருப்பாரு?"

"முழுசாத்தான் இருக்கும்க்கா."

"கடைசி வரைக்குமா?" அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ பாப்பா. எம் பேரத்தான் எழுதல. இருமுற பொம்பளைங்க நாலு பேரோட பேர எழுதியிருந்தேன். கூப்ட்டு டெஸ்ட்டு எடுப்பாங்கன்னு அந்த பக்கத்துல போட்டிருந்துச்சி. அதுங்களுக்கே தெரியாது. இன்னைக்கி நாலும் வேலைக்கிப் போயிருக்குதுங்க."

மூன்று வரியோடு மூடிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா. நாலாவது வரியைப் படித்திருந்தால் அன்றே நாலு பேர் வீட்டுக்கும் ஓடியிருப்பேன். ஓடியிருப்பேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா நாலு நம்பருக்கும் போட்டுப் பார்த்தார். தகரக் கொட்டகைக்குள் எதுவும் போகவில்லை. ஷட்டரைக்கூட இழுக்காமல் அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பேட்டைக்கு விரட்டினேன். கம்பெனி கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பதினொன்றரை. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கேட் திறந்து நாலு பெண்கள் வெளியே வந்தார்கள். கையில் திறக்காத டிபன் பாக்ஸ்.

அக்காவைப் பார்த்ததும் முன்னால் வந்தவள் பாய்ந்தாள். "எங்க பேர எதுக்கு எழுதுன? ஒன்ன நாங்க கேட்டமா? எங்க வூட்டுல நான் ஒருத்தி சம்பாரிச்சாத்தான் அடுப்பு எரியும்னு தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவங்க இல்ல. காட்டிக்குடுத்தது நான்" என்றேன்.

நாலாவதாக வந்தவள் அந்த நேரம் பார்த்து இரும ஆரம்பித்திருந்தாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, விடாமல் இருமினாள். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவள் இருமி முடிக்கும்வரை நின்று, இன்னொரு முறை சொன்னேன்.