வெளுத்த முத்து மாதுளை

மருத்துவமனையிலிருந்து மகளை அழைத்து வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. டெங்கு போய்விட்டது, என் தூக்கம் இன்னும் திரும்பவில்லை. தினமும் ஒரு மாதுளை. கொண்டையை வெட்டி, தோலை மட்டும் மேலிருந்து கீழாகக் கீறி, பேசின் தண்ணீருக்குள் அமுக்கிப் பிளந்து உதிர்ப்பேன். முத்துகள் அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மிதக்கும். ஒரு சொட்டுகூட வெளியே தெறிக்காது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா செய்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அம்மா இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தாள். வயிற்றுவலி என்று, ஆதம்பாக்கத்தில் அத்தை வீட்டில் விடப்பட்டிருந்த எனக்குச் சொன்னார்கள். நானும் அத்துடன் விட்டுவிட்டேன். சமையலறைப் பக்கமே வராத அப்பா தினமும் மாதுளை வாங்கி வர ஆரம்பித்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். வண்டிக்காரர் ஒரு பழத்தைப் பிளந்து நீட்டினார்.

"பாரு சார், ரத்தமாட்டம் கீது!"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெளுத்த முத்தா இருக்கிறதைக் கொடுப்பா."

"இன்னா சார் நீ, ஊரே செவப்பு கேக்குது, நீ வெளுப்பைக் கேக்குற!"

வெளுத்தது விலை குறைவு. அப்பா சிக்கனம் பார்க்கிறார் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அதையும் வீட்டில் வாளித் தண்ணீருக்குள் வைத்துத்தான் உரிப்பார். நான் கத்தியைத் தொட்டால், "விடுடி, கறை பட்டா போகாது" என்பார்.

அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வந்த மாடி வீட்டு மாமி நல்ல சிவப்பு மாதுளை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா தூங்கிவிட்டாள். அப்பா வருவதற்குள் உரித்து வைத்துப் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு. கட்டிலில் அவள் காலடியில் உட்கார்ந்து, வெள்ளை விரிப்பின்மேல் பழத்தைக் குறுக்காக வெட்டினேன். சாறு பீய்ச்சியடித்தது. பிய்க்கப் பிய்க்க விரிப்பு, அம்மாவின் புடவை, தரை எல்லாம் சிவப்பு. துடைக்கத் துணி தேடிப் பின்பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். பை கீழே கிடந்தது. அம்மாவைப் பெயர் சொல்லிக் கத்தினார். "இந்தாம்மா" என்பதைத் தவிர வேறெப்படியும் அவளை அவர் அழைத்து நான் கேட்டதில்லை.

அம்மா விழித்தாள். விரிப்பைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. மாதுளைங்க. உங்க பொண்ணு பண்ண வேலை."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. விரிப்பை அவரே குழாயடிக்கு எடுத்துப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "போதும், விடுங்க" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். ஒரு விரிப்புக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம். நான் உரித்து வைத்த கிண்ணத்தை யாரும் பார்க்கவில்லை என்று அதைவிடக் கோபம். அத்தனையையும் நானே தின்றேன்.

எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறக்க வேண்டியிருந்தது என்பதையும், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அதே கட்டிலில் அவளை எந்தக் கோலத்தில் அப்பா பார்த்தார் என்பதையும், என் திருமணத்துக்குப் பிறகு அம்மா ஒரே வரியில் சொன்னாள். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் மூக்கில் ரத்தம் வந்து நனைந்திருந்த மகளின் தலையணையைப் பார்க்கும்வரை.

இப்போது கடைகளில் சிவப்பு மட்டும்தான் கிடைக்கிறது.

"ஏம்மா தண்ணிக்குள்ள கையை விட்டுக்கிட்டு? ரெண்டா வெட்டி கரண்டியால தட்டினா கொட்டிடும்மா" என்கிறாள் மகள்.

"கறை பட்டா போகாதுடி" என்கிறேன்.