மயிலம்மாளின் மத்தியானக் கீரை

மயிலம்மாள் எனக்கு ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மருதைக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். அவள் அங்கே தும்மினால் எனக்கு இங்கே கேட்கும். அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிட உரிமை யாருக்கும் கிடையாது. அவள் வீட்டுக்காரருக்கும் கிடையாது. அவர் பாதியை மறைத்துவிடுவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. எங்கள் ஊர் மருங்காபுரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. மூத்தார் மருதை அப்போது தோட்டக்காரர் ரங்கசாமியின் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு. விடிந்த பிறகு போவார், பொழுது சாயும் முன்னே ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவார். "சாயங்காலம் ஆனா மருதைக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துடுதுப்பா" என்று ஊரே கேலி பேசியது.

ஆடி மாதத்தில் ஒருநாள், வெளிச்சம் மங்கும் நேரம். மூத்தார் வாசலில் வைக்கோல் போரைப் பார்த்து, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்று கும்பிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மயிலம்மாள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மனிதருக்கு மாலைக்கண்! இருட்டிவிட்டால் எதிரே நிற்பது மாடா மரமா என்று தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு மாசக்கணக்கில் மறைத்திருக்கிறார், பாவி மனுஷர்.

ரங்கசாமியோ முன்பே சொல்லியிருந்தார்: "தை பொறந்தா வெங்காயத்துக்கு இருட்டுற வரைக்கும் தண்ணி இறைக்கணும் மருதை. முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்." வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை. வேலை நிலைத்தாலோ, இருட்டில் ஒரு அடி தப்பினால் கிணறு. மயிலம்மாளுக்குக் கனவிலும் அந்தக் கிணறுதான் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து, அரசாங்கம் ஊருக்கு அனுப்பிய கிராம சேவிகா ரங்கநாயகி வந்து சேர்ந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண். வெயிலில் கன்றிப்போன முகமும் கையில் விதைப் பொட்டலமுமாக வீடு வீடாக ஏறி இறங்குவாள். மயிலம்மாள் அவளிடம் மூத்தாரின் கண்ணைப் பற்றிச் சொல்லிப் புலம்பினாள்.

"பயப்படாதீங்க. கீரை, பப்பாளி எதுவும் சேத்துக்காததால வர்றது இது. கொல்லையிலயே போடுங்க. தினமும் கீரை, அதுல ஒரு கரண்டி எண்ணெய். சரியாயிடும்" என்றாள்.

"குடிக்கவே தண்ணியக் காணோம். கீரைக்கு எங்கம்மா போறது?"

"குளிச்ச தண்ணி எங்க போகுதுங்க?"

அவ்வளவுதான். மயிலம்மாளுக்குப் பேய் பிடித்துவிட்டது. குளிக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டுபோய்ப் பப்பாளிக் கன்றுக்குப் பக்கத்தில் போட்டாள். கை கழுவ அவரைக் கொடி, வாய் கொப்பளிக்க முருங்கைக் கொம்பு, கால் கழுவத் தண்டுக்கீரைப் பாத்தி. வந்த விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். சுவரடியில் பள்ளம் பறித்து என் வீட்டுக் கழுநீரையும் இழுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, தண்ணியையுமா திருடுவ?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"சும்மாதானடி ஓடுது? கீரை வேணும்னா வாயை மூடிக்கிட்டு விடு."

விட்டேன். ஐப்பசி மழைக்குள் அந்தக் கொல்லை பச்சைப்பசேல் என்று ஆனது. அவள் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் வாய்ப்புண் ஆறியது, கன்னத்தில் சதை பிடித்தது. மூத்தாரின் கண் மட்டும் அப்படியே இருந்தது. கார்த்திகையில் சேவிகா வந்தபோது மயிலம்மாள் கொதித்துப் போயிருந்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் பொய்யாம்மா? தினம் கீரைதான் ஆக்குறேன். கண்ணு தெரியலையே!"

ரங்கநாயகிக்கு முகம் வாடிவிட்டது. அன்றைக்கு வேலையில்லாமல் வீட்டிலிருந்த மூத்தாரிடம் திரும்பி, "கீரையெல்லாம் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா செழிப்பா இருக்குங்க."

"ருசிங்க?"

"நல்லா இருக்குன்னு பசங்க சொல்றாங்க."

ரங்கநாயகி அவரைப் பார்த்தாள். நான் மயிலம்மாளைப் பார்த்தேன். மனிதர் ஒரு வாய் கீரை தின்றதில்லை!

எப்படித் தின்பார்? காலையில் தூக்குச்சட்டியில் கம்பங்கூழோடு கிளம்புகிறவர், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதே விளக்கு வைத்த பிறகுதான். ராத்திரியில் கீரை ஆகாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டோம். கண் சரியில்லாத மனிதருக்கு அதையா போடுவது என்று மயிலம்மாள் மத்தியானமே பிள்ளைகளுக்குப் போட்டுத் தீர்த்துவிட்டு, அவருக்கு அக்கறையாகப் புளிக்கரைசல் ஊற்றியிருக்கிறாள்.

"ராத்திரி சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதுங்க" என்றாள் ரங்கநாயகி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அது மட்டும் என்னால முடியாதும்மா. பகல்லயே குடுத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து உச்சி வெயிலில் கிளம்பினாள். களியும், எண்ணெய் விட்டு வதக்கிய முருங்கைக்கீரையும் கூடையில். செம்மண் சுடும், முள் குத்தும், கிணறு இருப்பதோ ஊர்க்கோடி. "என்னடி, புது மாப்பிள்ளைக்கு விருந்தா?" என்று களை எடுக்கிற பெண்கள் கூவினார்கள். "ஆமாடி, உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்று கூவிக்கொண்டே போனாள். கிணற்று மேட்டில் எதிரே குந்திக்கொண்டு, சட்டி காலியாகும்வரை நகரமாட்டாள்.

மார்கழி போய்த் தை பிறந்தது. ரங்கசாமி சொன்னபடியே, ஒருநாள் இருட்டும்வரை நீர் இறைக்கச் சொல்லிவிட்டார். மூத்தாரும் சரியென்று நின்றுவிட்டார். சேதி எங்களுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மயிலம்மாள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் காற்றடித்து விளக்கு அணைந்தது. வானத்தில் ஒரு பிறைதான். வரப்பில் தடுக்கித் தடுக்கிப் போனோம். சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம்; குரல் வந்த பக்கம் திரும்பிக் கிணற்றில் கால் வைத்துவிட்டால்?

அப்போது எதிரே வரப்பில் ஒரு ஆள் வந்தார். தோளில் துண்டு. நடையில் தடுமாற்றமே இல்லை. யாரோ வழிப்போக்கர் என்று நான் ஒதுங்கி நின்றேன். மயிலம்மாள் ஒரு சத்தமும் போடாமல் அப்படியே நின்றாள்.

அந்த ஆள் அவளுக்கு நேரே வந்து நின்றார். மூத்தார்தான்.

"ஏன் புள்ள அழுவுற?" என்றார்.

"நான் எங்க அழுதேன்?"

"கன்னமெல்லாம் ஈரமா இருக்கே. தொடைச்சுக்க."

அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவளைப் போல என் தோளைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி ஓவென்று அழுதாள்.