சடை நுனியும் சிவப்பு அம்பும்

முப்பத்தெட்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கவுனில் ஒரே நாளில் ஒட்டப்பட்ட சிவப்பு ஸ்டிக்கர்கள் அத்தனை. ஒட்டச் சொன்னது எதிரி இல்லை. பெற்ற தாய்.

தாய்க்குத் தொழில், சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, தையல் விட்ட இடத்தில் அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினொரு வருடமாக இதே வேலை. தெருவே அவரை செக்கரம்மா என்றுதான் கூப்பிடும். அவர் எதிரே வந்தால் ஆண்கள் தங்கள் காலரைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

மகள் வாண்டு முடியைச் சப்புவாள். சடை நுனி எப்போதும் வாயில். எடுத்தால் நனைந்த பெயிண்ட் பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும்.

யோசனை சொல்லவா ஆள் இல்லை? கசப்பு மருந்து தடவு என்றது மாடி வீடு. வயிற்றுக்குள் முடி மரமாக முளைக்கும் என்று பயமுறுத்து என்றது கீழ் வீடு. அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எதையும் ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கொள்கை. குழந்தையைத் தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தார். எழுந்ததும் சப்பினாள்.

பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது அத்தை, அப்பாவின் அக்கா. அவருடைய தீர்மானம் சுருக்கமானது.

"முடி இருந்தாத்தானே சப்புவா? ஞாயித்துக்கிழமை ஒட்ட வெட்டிடலாம். கத்தரி இருக்கு, கையும் இருக்கு."

வாண்டு சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அம்மா மாதிரி இடுப்பு வரை வளர்ப்பது அவளுடைய லட்சியம். இப்போதுதான் தோளைத் தாண்டியிருந்தது.

செக்கரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"முழுங்குறாளா, வெறுமனே சப்புறாளா?"

"சப்புறதுதான் டாக்டர்."

"அப்ப பதறாதீங்க. முழுங்க ஆரம்பிச்சாலோ, வயித்துவலின்னாலோ உடனே கூட்டிட்டு வாங்க. இப்போதைக்கு எந்த நேரத்துல பண்றான்னு கவனிங்க. திட்டாதீங்க. கைக்கு வேற வேலை குடுங்க."

டாக்டர் இத்தனை சொன்னார். செக்கரம்மா காதில் விழுந்தது ஒரே சொல்: கவனிங்க.

அன்றே கம்பெனியிலிருந்து ஒரு கட்டு ஸ்டிக்கர் வீட்டுக்கு வந்தது. சுவரில் மணிவாரியாகக் கட்டம் போட்ட தாள் ஏறியது. சப்பினால் கவுனில் ஓர் அம்பு, தாளில் ஒரு கோடு. அம்மா இல்லாத நேரத்துக்கு அத்தை பொறுப்பு.

புதன்கிழமை ஏழு மணிக்கு மேல் செக்கரம்மா வீட்டுக்குள் கால் வைத்ததும் வாண்டு பாய்ந்து வந்தாள்.

"அம்மா! முப்பத்தெட்டு! முதுகுல எடம் இல்லைன்னு அத்தை சாக்ஸ்ல ஒட்டிட்டாங்க!"

அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் குழந்தை, தன் முடியை வாயில் திணித்துக்கொண்டு, ஸ்டிக்கருக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"உன் கம்பெனி வைத்தியம் நல்லாவே வேலை செய்யுதும்மா," என்றார் அத்தை. "ஒரு வாய் ரெண்டு வாயாச்சு."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் செக்கரம்மா அந்தத் தாளை, பக்கத்து மேசையில் காலர் தைப்பவளிடம் நீட்டினார்.

"எத்தனை ஒட்டினாலும் அடங்கமாட்டேங்குறா."

காலர்காரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, காலையில ஒண்ணு. மத்தியானம் ரெண்டு. அஞ்சுலேர்ந்து ஏழுக்குள்ள முப்பத்தஞ்சு. நம்ம லைன்ல ஒரே நேரத்துல இத்தனை தையல் விட்டா நீங்க எதைப் பார்ப்பீங்க?"

"மெஷினை."

"அப்புறம் ஏன் சட்டையோட மல்லுக்கு நிக்கிறீங்க?"

செக்கரம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

ஐந்து மணிக்கு வேலை முடியும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "அஞ்சுக்கு வந்துடுவேன் கண்ணு" என்று சொல்வது அவர்தான். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சூப்பர்வைசர் வந்து, "இன்னைக்கு ஒருநாள் மட்டும்மா, அவசர ஆர்டர்" என்பார். அந்த ஒருநாள் எட்டு மாதமாக நடக்கிறது. குழந்தை ஐந்து மணிக்கு ஜன்னலில் ஏறும், ஏழு வரை இறங்காது. கம்பெனி ஓவர்டைமுக்குப் பிடித்து வைத்திருந்தது ஒருவரை இல்லை, இரண்டு பேரை. இரண்டாமவருக்கு வயது ஐந்து.

அன்றும் சூப்பர்வைசர் வந்தார்.

"சார், நான் அஞ்சுக்குக் கிளம்புறேன்."

"அவசர ஆர்டர்மா..."

"எட்டு மாசமா அவசரமா? ஆம்புலன்ஸே இவ்வளவு நாள் ஓடாது சார்."

"லைன் நின்னுடும்மா!"

"எம்பொண்ணு நிக்கிறா சார், ஜன்னல்ல. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஏழு வரைக்கும் இருக்கேன். எந்தெந்த நாளுன்னு முந்தின நாளே சொல்லிடணும்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்தச் சரக்கைச் சரிபார்க்க அவரிடம் வேறு கண் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செக்கரம்மா அத்தை முன்னால் நின்றார்.

"அண்ணி, கத்தரிக்கு ரெண்டு வாரம் லீவு குடுங்க."

"குடுத்தாச்சு. அதுக்கப்புறமும் நுனி ஈரமா இருந்துச்சுன்னா, நீ குறுக்க வரக்கூடாது."

தாள் கிழிந்தது. மிச்ச ஸ்டிக்கர் கம்பெனிக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் ஒரு மணி நேரம் அழுதது. தாமதமாகும் நாளில் அம்மா காலையிலேயே, "இன்னைக்கு ஏழுதான்" என்று உண்மையைச் சொன்னார். முதல் தடவை வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் ஐந்து மணிக்கு ஜன்னலில் ஏறவில்லை. கை சடைக்குப் போனால் அத்தை வாயைத் திறக்காமல் பொத்தான் டப்பாவை நீட்டுவார். வாண்டு பெரியதை ஒரு கிண்ணத்திலும் சின்னதை ஒரு கிண்ணத்திலும் பிரித்துப் போடுவாள். வாயைத் திறக்காமல் இருப்பது அத்தைக்குத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது. தூக்கம் வரும்போது வாண்டு இன்னும் சப்பினாள். அதை யாரும் எண்ணவில்லை.

தவணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்துச் சடையைப் பிரித்தார். நுனியை விரலால் நசுக்கிப் பார்த்தார். செக்கரம்மா சுவரோரம் நின்றார்.

"காஞ்சிருக்கு," என்றார் அத்தை. "ஆனா சப்பிச் சப்பி பிளந்துபோயிருக்கு. கத்தரியை எடு."

"எவ்வளவு அத்தை?" குழந்தை ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"ஆடாம இருடி."

கத்தரி ஒரே ஒருமுறை மூடித் திறந்தது. அத்தை வெட்டியது அரை அங்குலம்.