நீலச் சாயம் ஏறிய பிறகு

மயக்க மருந்து டாக்டர் அவள். ஊசி போட்டுத் தூங்கவைப்பது பாதி வேலைதான். தூங்குகிறவரின் மூச்சுக்குக் காவல் நிற்பதுதான் மீதி. அதற்குக் கண்ணைவிடக் காதைத்தான் அவள் நம்புவாள். விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும். அது குறையக் குறைய மானிட்டரின் சத்தமும் சுருதி இறங்கும்.

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்றே அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாரும் வேணாம். நீதான் என் தலைமாட்டுல நிக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நோய் அக்குளின் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஆபரேஷன் மேசையில் சர்ஜன் அண்ணியின் மார்பில் நீலச் சாயம் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் இறங்க ஆரம்பித்தது.

"சாயம்தான் டாக்டர். ரத்தத்துல கலந்தா கிளிப் ஏமாந்துடும். எப்பவும் நடக்கிறதுதானே?"

"தெரியும் சார். ஆனா நெஜமாவே குறைஞ்சாலும் இதே சத்தம்தான் வரும். கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் கையை எடுத்தார். அவள் ஆக்சிஜனை முழுதாகத் திறந்தாள். தொண்டையில் செருகிய மூச்சுக் குழாய் நகரவில்லை, நெஞ்சின் இரண்டு பக்கமும் காற்று போகிறது, ரத்த அழுத்தம் சரி, ஒவ்வாமைத் தடிப்பும் இல்லை. ஆனாலும் சத்தம் ஏறவில்லை. மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். அண்ணியின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. சாயத்தாலா, மூச்சில்லாமலா?

முடிவு வந்தது. ஆக்சிஜன் நிறைய இருந்தது.

சர்ஜன் மறுபடி கத்தியைத் தொட்டார். கிளிப் மட்டும் கடைசிவரை பொய் சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தத்தை அணைத்திருக்கலாம். பொய்க்கு நடுவில் நிஜம் வந்துவிட்டால்? நடக்காத ஒரு சாவின் சத்தத்தைக் கேட்டபடி அவள் நின்றாள்.

கண் விழித்த அண்ணி கண்ணாடி கேட்டாள்.

"என்னடி இது, மை பாட்டில்ல முக்கி எடுத்தீங்களா?"

வார்டே சிரித்தது. டாக்டர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணி பிழைத்துவிட்டாள். முடிச்சுகளில் நோய் இல்லை. சத்தம்தான் டாக்டரை விடவில்லை. லிஃப்டிலோ கடையிலோ ஏதாவது ஒரு 'பீப்' தாழ்ந்து ஒலித்தால், கை தானாக ஆக்சிஜன் திருகைத் தேடும்.

ஒரு ஞாயிறு மதியம், கூடத்தில் தூங்கும் அண்ணியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் சாகல. போய் டீ போடு," என்றாள் அண்ணி, கண் திறக்காமலே.

சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். ஆனால் குழாயைத் திறக்கவில்லை. கூடத்திலிருந்து குறட்டை கேட்ட பிறகுதான் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள்.