மல்லாட்டைக் கொல்லையில் முளைத்த கை

என் சித்தியின் வலது கை ஒரு பேய்ப் படத்தில் நடித்திருக்கிறது. கை மட்டும்தான். முழங்கைக்கு மேலே எதுவும் திரையில் வரவில்லை, பெயரும் போடவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. படம் பிடித்த நாளைத் துல்லியமாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒரு தேதி பிடிபடாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அந்தப் படத்தின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. பழைய பத்திரிகைகளின் சினிமாப் பக்கங்களை ஊர் ஊராக நூலகங்களில் புரட்டியும் பார்த்துவிட்டேன், ஒரு வரி இல்லை. இரண்டு விஷயங்களில்தான் சந்தேகமில்லை. நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். சித்திக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகி, கோலியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

திண்டிவனத்தில் இருந்த நாங்கள் லீவு விட்டால் பெருமுக்கல்லுக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த வருடம் நான் போனபோது, தாத்தாவின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல், சுடுகாடாக மாறியிருந்தது. காரணம் மாமா. சித்திக்கு அண்ணன், திண்டிவனத்தில் எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்கு நிற்பவர். பெருமுக்கல் மலையைப் படம் பிடிக்க வந்த சினிமாக்காரர்களை எப்படியோ பிடித்து, மல்லாட்டை பிடுங்கியாயிற்று, நிலம் சும்மாதான் கிடக்கிறது என்று அழைத்து வந்துவிட்டார். கொல்லை முழுக்கக் கல்லறைகள். பக்கத்தில் போய்த் தொட்டால் தெர்மாகோல். காற்றடித்தால் சாய்ந்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் குச்சி முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கொலையான புதுப்பெண் ஒருத்தி புதைகுழியிலிருந்து கையை நீட்டுவதுதான் படத்தின் முக்கியமான காட்சி. பேய் வேலைகளுக்கென்று தனியாக ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெயின்ட் பிரஷ். சென்னையிலிருந்து அவர் ஒரு ரப்பர் கை கொண்டுவந்திருந்தார். கம்பியை இழுத்தால் விரல்கள் மடங்கும். ஆனால் மண்ணைக் கிழித்துக்கொண்டு வர அதற்குத் தெம்பில்லை, பாதியில் துவண்டு படுத்துவிட்டது. கூட வந்த பையனைக் குழியில் இறக்கினார்கள். அவன் மணிக்கட்டில் புதுப்பெண்ணின் கண்ணாடி வளையல் ஏறவில்லை. கதாநாயகியோ வேறு படத்துக்குப் போய்விட்டார்.

"ஒரு பொம்பளை கை வேணும்," என்றார் மாஸ்டர். "வெறும் கைதான். மூஞ்சி தெரியாது."

தாத்தா வாயைத் திறப்பதற்குள், மோர்ச் செம்போடு நின்றிருந்த சித்தி, "நான் பண்றேன்" என்றார். அதற்கு முன் வேற்று ஆண்கள் முன்னால் சித்தி பேசி நான் கேட்டதில்லை.

தாத்தாவுக்கு ஆத்திரம் வந்தது. சினிமாவுக்காக அல்ல, குழிக்காக. "கல்யாணம் ஆவப்போற பொண்ணுய்யா! அதப் போயி பொதகுழியில எறக்க சொல்றீங்களே, இது ஆவுற பேச்சா?"

"பொதகுழின்னு ஏம்பா நெனைக்கற? கெணறுன்னு நெனைச்சிக்கோ," என்றார் மாமா.

வேறு ஊரில் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். தாத்தா யோசித்தார். கொஞ்ச நேரம் குழியையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "கெணறுன்னா அதுக்கு உண்டான மொறையச் செய்யணும்" என்றார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார்கள். எலுமிச்சம்பழம் அறுத்து நான்கு மூலையில் போட்டார்கள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். டைரக்டர் உட்பட எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அப்படியும் தாத்தாவுக்கு மனம் ஆறவில்லை. தண்ணீர் இல்லாமல் என்ன கிணறு என்று இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து உள்ளே ஊற்றிவிட்டார்.

"பெரியவரே, சேறாயிடுச்சுங்களே!" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊத்து ஊறிக்கிச்சுன்னு வச்சிக்கோங்க," என்றார் தாத்தா.

மாஸ்டர் செய்த வேலையை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குழியின் மேல் பலகை, பலகையில் கை நுழையும் அளவு ஓட்டை, ஓட்டையின் மேல் கிழிந்த சாக்கு. அதற்கு மேல் வெறும் மண்ணைக் கொட்டினால் கனத்தில் கை எழாது. அதனால் மல்லாட்டைத் தோலை உரலில் இடித்து, செம்மண் தூவி, அதைத்தான் மேட்டில் குவித்தார். பார்வைக்கு மண், எடைக்குப் பஞ்சு. சித்தியின் கையில் மைதாப் பசையும் பஞ்சும் அப்பி வெயிலில் காயவிட்டார். காய்ந்து வெடித்த இடங்களில் சாம்பலைத் தேய்த்து, நகத்தடியில் பாக்குச் சாயம் விட்டார். நான் ஒரு மணி நேரம் முன்பு பிடித்து நடந்த கை என் கண் முன்னாலேயே மக்கிப்போனது. படமெடுத்தது உச்சி வெயிலில். லென்ஸுக்கு முன்னால் நீலக் கண்ணாடி ஒன்றை மாட்டி, இதுதான் நடுராத்திரி என்றார்கள். சாம்பிராணிப் புகை போட்டார்கள்.

சித்தி உள்ளே சேற்றில் குந்தியிருந்தார். மாஸ்டர் குச்சியால் பலகையைத் தட்டினால் கையை நீட்ட வேண்டும். என்னைக் கேமராவுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் கைதட்டியது மட்டும்தான் கேட்டது. மேலே வந்த சித்தியின் பாவாடை முழுக்கச் சேறு, தலை முழுக்கத் தோல் தூள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இன்று என் மகன் பார்க்கும் பேய்ப் படங்களில் நூறு கைகள் ஒரே நேரத்தில் முளைக்கின்றன. எல்லாம் கணினி வரைந்தவை. அவை எப்படிச் செய்யப்படுகின்றன என்று நான் நிறையவே படித்திருக்கிறேன், அதிலும் இரவு பகலாக உழைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். இருந்தும் அவன் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைக்காமல் பார்க்கிறான். அங்கே மண்ணுக்கும் கனமில்லை, கைக்கும் கனமில்லை.

சினிமாக்காரர்கள் கிளம்பியதும் தாத்தா எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "இது கோலியனூர்க்காரங்க காதுல மட்டும் வுழக்கூடாது. சினிமாவுல ஆடுனவன்னு ஒரு பேரு வந்துட்சின்னா கல்யாணமே நின்னுப்பூடும்." சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் தலைதீபாவளிக்கு வந்த சித்தியும் சித்தப்பாவும் திரும்பும்போது, துணைக்கு என்னையும் கோலியனூருக்கு அனுப்பினார்கள். சித்தியின் மாமியார் உயரமான, உரத்த குரல் கொண்ட அம்மாள். போன மறுநாளே, "புதுசா வந்த பொண்ண இன்னும் ஒரு சினிமாவுக்குக் கூட இட்டுக்கினு போவலியேடா" என்று மகனைக் கடிந்துகொண்டு, எங்கள் எல்லோரையும் விழுப்புரத்துக்குப் பகல் காட்சிக்குக் கிளப்பினார். எந்தப் படம் என்று தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் கொல்லையில் எடுத்த அதே படம். கல்யாணத்துக்கு முன்பு தெரிந்தால் நின்றுபோகும் என்றால், பின்பு தெரிந்தால் சித்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதே என் கணக்கு.

"எனுக்குத் தலைய வலிக்கிதுங்க அத்தை," என்றார் சித்தி.

"உள்ள வா, பூடும். பேய்ப் படம்னா எனுக்கு உசுரு!"

சித்தப்பா ஆண்கள் பக்கம் போனார். பெண்கள் பக்கத்தில் மாமியார் நடுவில், நாங்கள் இருவரும் இரு புறம். அந்த அம்மாளுக்குப் பயமென்பதே இல்லை. கதவு தானாகத் திறந்தபோது, "நூலு கட்டி இழுக்கறான்" என்றார். இருட்டில் கண்கள் மின்னியபோது, "பூனைடி அது" என்றார். முன் வரிசையில் அலறிய பெண்ணைப் பார்த்து, "இதுக்கே கத்தறியே, ஊட்டுல மாமியாகிட்ட எப்படிக் குப்ப கொட்றே?" என்று கேட்டு அந்த வரிசையையே சிரிக்க வைத்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் எங்கள் கொல்லை வந்தது. நீல நிலவு, புகை, பின்னால் பெருமுக்கல் மலை. மண்மேடு லேசாக வெடித்தது. விரல் நுனிகள், பிறகு வளையல்கள், பிறகு முழங்கை வரை விருட்டென்று கை. தியேட்டரே அலறியது. சேற்றையும் தேங்காயையும் கண்ணால் பார்த்திருந்த நானும் அலறினேன். அப்போது அந்தக் கை யாரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தது. விரல்களை மூடி, மணிக்கட்டை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று சுண்டி மண்ணை உதறியது. பேய் தன் மேலிருந்த மண்ணைத் தட்டிவிடுவது போல அவ்வளவு அலட்சியமாக இருந்தது. அலறல் இரண்டு மடங்கானது. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கியதும் சித்தி உதறுவது அப்படித்தான். பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. எந்தக் கணினிக்கு இது தோன்றும்?

 தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க மாமியார் சித்தியோடு ஒரே சாலில் குனிந்து மல்லாட்டை பிடுங்கியிருந்தார். திரையைப் பார்த்தபடியே கையை நீட்டி, சித்தியின் மடியிலிருந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பேய்க்குப் பயந்து பேயின் கையையே பிடித்துக்கொண்டிருக்கிறாரே! முறுக்கை வாயில் திணித்து அடக்கினேன்.

விளக்குப் போட்டார்கள். சித்தி தலை நிமிரவில்லை. சித்தப்பா மூன்று கலர் சோடா பாட்டில்களோடு வந்தார். "பயந்துட்டீங்களா? அது ரப்பரு கையிம்மா. உள்ள மெஷினு வச்சி ஆட்றானுங்க."

மாமியார் மகனை ஒரு பார்வை பார்த்தார். சித்தியின் கையை விடாமல், இடது கையால் பாட்டிலை வாங்கினார்.

"ஆமாண்டா, ரப்பருதான். பின்ன, மனுசங் கையா அப்படி வரும்? ஆனா செஞ்சவன் கெட்டிக்காரன்டா. நல்லா செஞ்சிகிறான்." பிறகு சித்தியின் பக்கம் திரும்பி, "கை ஏன் இப்படி ஜில்லுனு கீது? கலரு குடி," என்றார்.

இரண்டாம் பாதியில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பாட்டு, காமெடி, கடைசியில் கோயிலில் பேய் அடங்கியது. அவர் சித்தியின் கையை விடவேயில்லை. பாதிக்கு மேல் சித்தியும் நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்த்தார், சிரிக்கக்கூடச் செய்தார்.

தாத்தா ஊருக்குத் திரும்பியதும் மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: ரகசியம் தப்பித்தது, மாமியாருக்கு ஒன்றும் தெரியவில்லை, பேய்க்குப் பயந்து சித்தி கையைப் பிடித்துக்கொண்டுதான் படமே பார்த்தார். என்னோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை.

"காமெடி வரும்போதுமா புடிச்சிக்கினு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"ஆமா. படம் முடியற வரைக்கும்."

"முடியற வரைக்குமா?"

"ஆமான்றேனே!"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாத்தாவிடம் சொல்லக் கொல்லைப் பக்கம் போனார். கிழவி பயந்ததைச் சொல்வதற்கு அவ்வளவு வேகமாக ஏன் நடக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.