முட்டி இல்லாத கால்

இந்த ஊரில் விழுந்தவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. விழப்போகிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதல் வாரம் எனக்கு இது பெரிய விசித்திரமாக இருந்தது. கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுக்குத் தொங்கான் என்று பெயர். அதிலிருந்து கரைக்கு ஒரு நீளப் பலகை போட்டிருப்பார்கள். அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நான் அதில் காலை வைத்ததுமே, கீழே நிற்கும் மலாய்க்காரர்கள் 'காக்கி பங்க்கு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாலாவது அடியில் பலகை என்னைத் தூக்கிப் போடும். அந்த வாரத்தில் இரண்டு முறை கடலைக் குடித்தேன்.

மண்டோர், அதாவது எங்கள் மேஸ்திரி, நம்மூர்க்காரர்தான். "மாசக் கடைசிக்குள்ள பலகை ஏறக் கத்துக்கிட்டா நிரந்தர ஆளாச் சேத்துக்குறேன். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார். நிரந்தர ஆளுக்குத்தான் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை கிடைக்கும். அறை கிடைத்தால்தான் என் மனைவி சரசுவை வரவழைக்க முடியும். கல்யாணமான நாலாம் மாதம் கப்பலேறி, ரப்பர் தோட்டங்களில் அலைந்துவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தவன் நான். இரண்டு வருஷமாக அவள் அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னைத் தத்தி என்று நினைத்துவிட வேண்டாம். மழைநாளில் தலை நிறைய நெற்கட்டோடு வரப்பில் நடந்து, ஒருநாள்கூட வழுக்கி விழாதவன் நான். முட்டியை விறைத்து, கால்விரலால் மண்ணைக் கவ்வி, அழுத்தி மிதிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் பலகையிலும் அப்படித்தான் மிதித்தோம். வரப்பு அசையாது, பலகை அசையும் என்பது எங்கள் தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது, கடைக்காரரிடம் 'காக்கி பங்க்கு' என்ற அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். அவர் இங்கேயே பிறந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா'வும் ஒட்டிக்கொண்டு வரும்.

"காக்கின்னா காலு. பங்க்குன்னா பெஞ்சு. பெஞ்சுக்குக் காலு இருக்கு, முட்டி இல்ல லா. செப்பாக் ராகா ஆடத் தெரியாதவன அப்படிச் சொல்லுவாங்க."

செப்பாக் ராகா என்பது பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டி ஆடும் ஆட்டம். 'பங்க்கு' என்பதுகூட மலாய்ச் சொல் இல்லையாம், முன்னொரு காலத்தில் போர்த்துக்கீசியரோடு வந்து இறங்கியதாம். கப்பலேறி வந்த சொல்லை வைத்துக்கொண்டு, கப்பலேறி வந்தவனைக் கேலி செய்கிறார்கள். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லில் ஒரு நியாயமும் இருந்தது. நாம் தத்தி என்றால் ஆளையே ஒதுக்கிவிடுகிறோம். இவர்கள் காலில் என்ன குறை என்றாவது சொல்கிறார்கள். முட்டிதானே குறை, அதை உண்டாக்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அந்த மலாய்க்காரர்களில் என்னைப் பார்த்து அதிகம் சிரிக்கிறவன் ஹாசிம். மறுநாள் மாலை அவர்கள் செப்பாக் ராகா ஆடும் திடலுக்கே போய் நின்றேன். அவன் என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தி, தரையைக் காட்டினான். உட்காரச் சொல்கிறான் என்று நினைத்து உட்கார்ந்தேன். பந்தை விட்டுவிட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முட்டியை மடக்கச் சொல்லியிருக்கிறான். சரி, சிரித்துக்கொள்ளட்டும் என்று தினமும் போய் அவர்களோடு ஆடினேன். பந்து பட்டுப் பட்டுக் கணுக்கால் வீங்கியது. வீங்கிய காலோடும் போனேன்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மூட்டையோடு பலகையில் ஏறினேன். பலகை எழும்பியது, முட்டி தானாக மடங்கிக் கொடுத்தது. பலகையே என்னைக் கரையில் கொண்டுபோய் விட்டது. ஹாசிம் சிரிக்காமல் அடுத்த மூட்டைக்குத் திரும்பினான். மண்டோர் நிரந்தர ஆட்களோடு என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து, சொந்தக்காரர் ஒருவரின் குடும்பத்தோடு சரசு வந்து இறங்கினாள். கூட்டத்தில் அவள் கண்கள் என்னைத் தேடுவது தெரிந்தது. வேகமாக அவளை நோக்கி நடந்தேன். அவள் பார்வை என் மேல் பட்டது, நிற்காமல் எனக்குப் பின்னால் வருகிறவர்களிடம் போய்விட்டது. பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"தூரத்துல வரும்போது நடையத்தான் பாத்தேன். யாரோ மலாய்க்காரர்னு விட்டுட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நான்தான்."

"தெரியுது. எங்க, முன்ன மாதிரி கொஞ்சம் நடந்து காட்டுங்க."

கையில் வாங்கியிருந்த அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தார் ரோட்டில் பத்தடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். மறுபடியும் நடந்தேன்.